பத்துப் பேர் ஆடிய ஃபைனல்

பள்ளிக்கூட ஃபுட்பால் மாஸ்டருக்குப் பெற்ற மகனை அடையாளம் தெரியவில்லை. எந்தக் காலத்திலோ தலையால் முட்டி கோல் போட்டவனைத் தெரிகிறது. எதிர் டீமில் ஆடி முட்டியை உடைத்துக்கொண்டவனைக்கூடத் தெரிகிறது. தினமும் காலையில் தூக்கி உட்காரவைத்து, துடைத்து, வேட்டி மாற்றிவிடுகிற மகனைப் பார்த்து மட்டும், "தம்பி, நீங்க எந்த ஸ்கூல்?" என்று மரியாதையாகக் கேட்கிறார். இதைவிட ஒரு மனுஷனுக்கு வேறென்ன கொடுமை வேண்டும், சொல்லுங்கள்.

மறதி ஒரேயடியாக வந்துவிடவில்லை. முதலில் சாவி வைத்த இடம் போனது. பிறகு வீடு இருக்கிற தெரு போனது. அதன் பிறகு மனைவி செத்துப்போன சங்கதியே போய், அடுப்படிப் பக்கம் திரும்பி "காப்பி ஆச்சா?" என்று குரல் கொடுக்க ஆரம்பித்தார். கடைசியில் மகனும் போனான். மிச்சம் இருந்தது மைதானம் ஒன்றுதான். அதில் ஒரு புல் உதிரவில்லை. ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கம் அவருக்கு எந்தக் காலத்திலும் கிடையாது. முதுகில் என்ன நம்பரோ அதுதான் பெயர். அந்த நம்பர்கள் மட்டும் வரிசை குலையாமல் உள்ளே நின்றன.

மகனுக்கு ஐம்பது தாண்டிவிட்டது. லிஃப்ட் மெக்கானிக். பெரிய பெரிய கட்டடங்களின் அடியில் குழிக்குள் இறங்கி, கிரீஸும் தூசியுமாக வேலை பார்க்கிறவன். கம்பெனியில் அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, சம்பளச் சீட்டில் அச்சடித்து வருகிறது. ஆனால் ஊருக்கு அவன் பெஞ்சுதான். கடைக்காரர் பெஞ்சு என்கிறார், அவர் பேரன் பெஞ்சு மாமா என்கிறான். பள்ளிக்கூடக் காலம் முழுக்க அப்பாவின் டீமில் ரிசர்வ் ஆளாக ஓரத்துப் பெஞ்சில் உட்கார்ந்தே கழித்தவனுக்கு ஊர் போட்ட பட்டம் அது. பட்டம் கொடுப்பதற்கு மட்டும் நம் ஜனங்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை!

டாக்டர் வந்து பார்த்துவிட்டு, வாசல்வரை நடந்து, செருப்பை மாட்டிக்கொண்டேதான் விஷயத்தைச் சொன்னார். "விழுங்குறது குறைஞ்சுகிட்டே வருது. குழாய் போட்டுக் கஷ்டப்படுத்த வேண்டாம்னு நினைக்கிறேன். வாயால எவ்வளவு இறங்குதோ அவ்வளவு குடுங்க. சாப்பாடு நின்னுச்சுன்னா, ரொம்ப நாள் தாங்காது."

பெஞ்சு தலையை ஆட்டினான். அவனுக்கு அழுகை வரவில்லை. ஒரே ஒரு யோசனைதான் வந்தது. போவதற்குள் இந்த மனுஷன் ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, என்னைப் பார்த்து 'டேய், நீயாடா' என்று சொல்லிவிட வேண்டும். அப்படிச் சொல்லிவிட்டால் அந்த நிமிஷத்திலேயே கேட்க வேண்டிய ஒன்றையும் கேட்டுவிட வேண்டும். அந்தக் கேள்வி அவன் தொண்டையில் மீன் முள்ளாக முப்பது முப்பத்தைந்து வருஷமாகக் குத்திக்கொண்டிருந்தது.

அது என்ன கேள்வி என்று ஊரில் யாரைக் கேட்டாலும் தெரியாது. ஆனால் அது பிறந்த கதை எல்லாருக்கும் மனப்பாடம். பார்க்க வருகிற பழைய பிள்ளைகள் யாராவது அதைச் சொல்லாமல் எழுந்து போனதில்லை. அந்த வாரம் வந்தது கோந்து. அந்தக் காலத்துக் கோல்கீப்பர். கையில் பந்து ஒட்டிக்கொள்ளும் என்பதால் அந்தப் பெயர். இப்போது லாரி ஓட்டுகிறார், தொப்பை ஸ்டியரிங்கில் இடிக்கிற அளவு. உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் படுத்தபடியே, "ஒண்ணு! கைய விரிச்சு நில்லுடா" என்றார். அவ்வளவுதான், அந்த மலை மாதிரி ஆள் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு குழந்தையாட்டம் தேம்பினார்.

அழுது முடித்து, மூக்கைச் சிந்தி, நாற்காலியில் உட்கார்ந்ததும் கதை ஆரம்பமாயிற்று.

"என்ன மனுஷன்டா உங்கப்பா! ஃபைனல். செகண்ட் ஹாஃப்ல ஆறாம் நம்பருக்குக் கால் பிசகிடுச்சு. மத்த ரிசர்வ் எல்லாம் இறங்கியாச்சு. பெஞ்சுல நீ ஒருத்தன்தான். நாங்க எல்லாரும் கத்துறோம், பையனை இறக்குங்க மாஸ்டர்னு. மனுஷன் அசையலையே! சொந்தப் புள்ளைக்குச் சலுகை காட்டினேன்னு ஒரு பய நாக்கு மேல பல்லு போட்டுப் பேசிடக் கூடாதுன்னு பத்துப் பேரோட ஆடவிட்டாரு பாரு. தோத்தோம். கப்பு போச்சு. ஆனா அந்த நேர்மை எவனுக்குடா வரும்?"

"வராது" என்றான் பெஞ்சு.

"நீ குடுத்து வச்சவன். அந்த மாதிரி ஆளுக்குப் புள்ளையாப் பிறக்க."

குடுத்து வச்சவனாம்! பெஞ்சு எழுந்து போய்க் கோந்துக்குத் தண்ணீர் எடுத்துவந்தான். வேறு எதைச் செய்ய? ஊரில் பாதிப் பேரை ஆளாக்கியவர் மாஸ்டர், அதில் சந்தேகமே இல்லை. திருடப் போயிருக்க வேண்டியவன் எல்லாம் பந்தின் பின்னால் ஓடி, பிழைத்து, குடும்பம் குட்டி என்று இருக்கிறான். பள்ளிக்கூட மைதானத்து வாசலில் அவருக்குப் படம் மாட்டியிருக்கிறார்கள். எல்லாம் சரி. "ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளருமாம்" என்று அம்மா, உயிரோடு இருந்த காலத்தில், பாத்திரம் கழுவிக்கொண்டே சொல்வாள். அதை அவள் ஒருநாளும் புகழ்ச்சியாகச் சொன்னதில்லை.

அந்த ஃபைனல் முடிந்து வந்த அன்று அம்மா அப்பாவைப் பிடித்து உலுக்காத குறையாகக் கேட்டாள். "ஏங்க, புள்ள பூட்ஸை மாட்டிக்கிட்டு உங்க மூஞ்சியையே பாத்துக்கிட்டு உக்காந்திருந்தானே, உங்களுக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா?" அதற்கு அப்பா சொன்ன பதில், அடுத்த அறையில் படுத்திருந்தவன் காதில் விழுந்தது. "சொந்தப் புள்ளைய இறக்கினா ஊர் என்ன சொல்லும்?"

அவ்வளவுதான். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டுதான் அவன் வாழ்க்கையே நடந்தது. ஊர் வாயைவிட நான் மட்டமாகப் போய்விட்டேனா? இதுதான் அந்த முள். லிஃப்ட் குழிக்குள் தனியாக நின்று நட்டு முடுக்குகிறபோதெல்லாம் அவன் அந்த மேட்சில் இறங்கி ஆடினான். கடைசி நிமிஷத்தில் இடதுபக்கத்திலிருந்து பந்து வரும், அவன் நெஞ்சில் வாங்கிக் காலில் விட்டு ஒரு உதை. கோல்! எத்தனை ஆயிரம் தடவை ஆடியிருப்பான், ஒரு தடவைகூடக் குறி தப்பியதில்லை. ஆடவிடாமல் கெடுத்தவர் அப்பா. இதை நினைக்கும்போது வயிறு எரியும், எரிந்தபின் ஒரு தெம்பும் வரும்.

சாப்பாடு நின்றது ஒரு புதன்கிழமை. பெஞ்சு ஒரு ஆபீஸ் கட்டடத்தின் குழிக்குள் இருந்தான். மேலே லிஃப்ட் பெட்டியைத் தொங்கவிட்டுவிட்டு, அடியில் தேங்கியிருந்த எண்ணெயைத் துணியால் ஒற்றிக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மனைவி.

"என்னங்க, மாமா வாயையே திறக்க மாட்டேங்கிறாரு. நேத்து மதியத்துலேருந்து ஒரு வாய் இறங்கல. பத்து எங்க, பத்து எங்கன்னு அதே பாட்டு. பத்து வந்தாத்தான் சாப்பிடுவாராம்."

பத்தாம் நம்பர் கடல் தாண்டிப் போய் இருபது வருஷத்துக்கு மேலாகிறது. டீமின் ராஜா அவன். மாஸ்டரின் கண்மணி. கோந்து கொடுத்த போன் நம்பருக்கு அடித்தால் மணி அடித்து அடித்து ஓய்கிறது. "அவன் வரமாட்டான்" என்றான் பெஞ்சு. "அவனுக்கு என்ன வந்தது?"

"வராட்டிப் போகட்டும். நீங்க வாங்க முதல்ல."

வீட்டுக்கு வந்தபோது வெயில் இன்னும் சாயவில்லை. முன்னறையில் ஜன்னலோரம் கட்டில். புண் வராமலிருக்கப் போட்ட காற்று மெத்தை உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது. சூப் கிண்ணம் ஆடை கட்டி ஆறிக் கிடந்தது. மாஸ்டர் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார், கன்னம் இரண்டும் உள்ளே போயிருந்தன.

மனைவி தரையில் உட்கார்ந்திருந்தாள். எதிரே மாமனாரின் இரும்புப் பெட்டி திறந்து கிடந்தது. பள்ளிக்கூடம் தூக்கிப்போட இருந்த பழைய ஜெர்சிகளை மாஸ்டர் அதில் மடித்து வைத்திருந்தார். நெஞ்சிலும் முதுகிலும் நம்பர் தைத்த நீல ஜெர்சிகள். அவள் பத்தைத் தேடி எடுத்து, முதுகுப் பக்கத்தைக் கத்தரியால் நீளமாக வெட்டிக்கொண்டிருந்தாள்.

"என்ன பண்ற?"

"உங்க உடம்புக்கு வேற எப்படிப் போடுறதாம்? முன்பக்கம் தெரிஞ்சாப் போதும். அவருக்கு ஆளா முக்கியம், நம்பர்தானே முக்கியம்."

"அவன் சட்டையை நான் போடணுமா? என் உயிர் போனாலும் போடமாட்டேன்."

"போறது உங்க உயிர் இல்லீங்க" என்றாள் அவள்.

பெஞ்சு குனிந்து பெட்டியைக் கிளறினான். அடியில் அவனுடையது இருந்தது. பதினாலு. மற்றவை எல்லாம் வெளுத்து நைந்திருக்க, அது மட்டும் கடையில் வாங்கிய நிறத்தில் இருந்தது. வியர்வை படாத சட்டை வெளுக்குமா என்ன! அவன் மனசுக்குள் ஒரு ஆசை எழுந்தது. நம்பராகத்தானே ஆட்களை நினைவில் வைத்திருக்கிறார்? அப்படியானால் இதைப் பார்த்தால் என்னையும் தெரியத்தானே வேண்டும்? அட, இது ஏன் இத்தனை நாள் தோன்றவில்லை! கத்தரியைப் பிடுங்கி அவனே முதுகை வெட்டி, கையை நுழைத்து, கட்டிலின் முன்னால் போய் நின்றான்.

மாஸ்டர் திரும்பினார். நம்பரைப் பார்த்தார். தெரிந்துகொண்டார் என்றுதான் தோன்றியது, முகத்தில் ஒரு அசைவு வந்தது.

"நீ உக்காரு" என்றார். "வேணும்னா கூப்பிடுறேன்."

சொல்லிவிட்டு மறுபடி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பெஞ்சு சுவரோரம் கிடந்த நாற்காலியில் போய் உட்கார்ந்தான். ஐம்பது வயசு ஆள், சின்னப் பையன் மாதிரி உதட்டைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மனைவிக்கு அவனைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனாலும் அவள் சூப்பைச் சூடுபண்ணி எடுத்துவந்து, கூடவே பத்தையும் அவன் மடியில் போட்டாள். "ஒரு வாய் இறங்கினா சரி. நாய் வேஷம் போட்டா குரைச்சுத்தானே ஆகணும். போடுங்க" என்றாள்.

போட்டான்.

"டேய் பத்து!" மாஸ்டரின் குரலில் எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ! "எங்கடா போன? எவ்வளவு நேரமாத் தேடுறது? இங்க வா. காலைக் காட்டு."

மாஸ்டரிடம் ஒரு வழக்கம் உண்டு. மேட்ச் அன்றைக்கு, ஆட இறங்குகிற பதினொரு பேருக்கும் அவரே மண்ணில் குந்தி உட்கார்ந்து பூட்ஸ் கயிறு கட்டிவிடுவார். வெளியே உட்காருகிறவர்கள் தாங்களே கட்டிக்கொள்ள வேண்டும். பெஞ்சு வெறும் காலைத் தூக்கிக் கட்டில் விளிம்பில் வைத்தான். கிரீஸ் போகாத அந்தப் பாதத்தின்மேல், இல்லாத கயிற்றை இழுத்து, சுற்றி, இரண்டு முடிச்சுப் போட்டு, தட்டிக்கொடுத்தார் மாஸ்டர். இந்தத் தொடுகைக்குத்தான் பெஞ்சு எத்தனை வருஷம் ஏங்கியிருக்கிறான், கிடைத்ததும் இன்னொருத்தன் காலுக்குத்தான் கிடைத்தது.

பிறகு சூப் இறங்கியது. ஒரு ஸ்பூன், இன்னொரு ஸ்பூன். மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டு, ரொட்டி ஊறவைத்து வருகிறேன் என்று அடுப்படிக்குப் போனாள்.

"ஆறு போயிட்டான்" என்றார் மாஸ்டர். "கால் வீங்கிடுச்சு. இனிமே பத்துப் பேர்தான். நீ கொஞ்சம் பின்னால இறங்கி ஆடு."

பெஞ்சின் கையில் ஸ்பூன் அப்படியே நின்றது. மாஸ்டர் எந்த மேட்சில் இருக்கிறார் என்று அவனுக்குப் புரிந்துவிட்டது. அந்தக் கேள்வியை மகனாக நின்று கேட்க நினைத்திருந்தான். அது இப்போது பத்தாம் நம்பரின் வாய் வழியாக வந்தது.

"பத்துப் பேர் எதுக்கு மாஸ்டர்? உங்க பையன் உக்காந்திருக்கானே. அவனை இறக்குங்க."

"அவன் வேண்டாம்."

"ஏன்? ஊர் என்ன சொல்லும்னா?"

மாஸ்டர் சிரித்தார். "ஊர் கெடக்குது கழுதை. ஊருக்கு நான் என்னைக்குடா பயந்திருக்கேன்?" அடுப்படிப் பக்கம் ஒரு பார்வை பார்த்துவிட்டு, அவன் கழுத்தைப் பிடித்துப் பக்கத்தில் இழுத்தார். "அவனுக்கு ஆட்டம் வராது, பத்து."

காற்று மெத்தை உர்ரென்று ஓடிக்கொண்டிருந்தது.

"ஓடுவான். உயிரை விட்டு ஓடுவான். எனக்காக ஓடுறான்னு தெரியுது, அதைப் பாக்கத் தாங்கல. ஆனா பந்து எங்க வரும்னு அவனுக்குத் தெரியவே தெரியாது. அது கண்ணுலயே இருக்கணும். நானும் காலையில எழுப்பிக் கூட்டிட்டுப் போய்ச் சொல்லிக் குடுத்துப் பாத்துட்டேன். வரலடா. வராதது வராது."

"கொஞ்ச நேரம்தானே மாஸ்டர்... ஒரு தடவை..."

"ஒரு பையனைச் சாகடிக்கக் கொஞ்ச நேரம் போதும். மொத்த ஊரும் உக்காந்திருக்கு பாரு. முதல் பந்தை விடுவான். ரெண்டாவதை விட்டதும் சிரிப்பாங்க. பத்துப் பேரோட ஆடித் தோத்தா என்னைத் திட்டுவாங்க. அவனை இறக்கித் தோத்தா ஆயுசுக்கும் அவனைத்தான் திட்டுவாங்க. கப்பு போனாப் போகுது, போ."

"அப்ப அவன்கிட்ட என்ன சொல்வீங்க?"

"ஊர் என்ன சொல்லும்னு வீட்ல சத்தமாச் சொல்லிக்கிறேன், அவன் காதுல விழுற மாதிரி. அப்பன் அநியாயக்காரன்னு நினைச்சா என்னைத் திட்டிட்டுத் தூங்கிடுவான். தனக்கு வராதுன்னு தெரிஞ்சா தூங்கமாட்டான். பிஞ்சு மனசுடா அவனுக்கு, அவங்கம்மா மாதிரி. நீ அவன்கிட்ட சொல்லிடாத."

பெஞ்சு குழிக்குள் நின்று போட்ட அத்தனை கோலும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே போயின. ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அவன் ஒரு ஆயுசு முழுக்கக் கூடத்தைத் திட்டியிருக்கிறான். திட்டுவதற்குத் தோதாகக் கூடமும் வாயைத் திறக்காமல் நின்றிருக்கிறது. அவமானம் ஒரு பக்கம் அறுத்தது. இன்னொரு பக்கம், இந்தக் கிழவர் கையில் வந்த கப்பைத் தனக்காகத்தான் விட்டுக்கொடுத்தார் என்பது இடித்தது. எது அதிகமாக வலிக்கிறது என்று அவனுக்கே தெரியவில்லை. ஊர் அதற்கு நேர்மை என்று பெயர் வைத்துப் படம் மாட்டிவிட்டது. அவர் மறுத்து ஒரு வார்த்தை சொல்லவில்லை.

அவன் கண்ணிலிருந்து சொட்டியது மாஸ்டரின் புறங்கையில் விழுந்தது. அவர் கையைப் பார்த்தார். பிறகு முகத்தைப் பார்த்தார். நம்பரை விட்டுவிட்டு முதல்முறையாக முகத்தை. அவர் நெற்றி சுருங்கியது. கை எழுந்து வந்து அவன் தாடையைத் தடவியது, காதோரத்தைத் தடவியது. பழைய கண்ணில் ஏதோ ஒன்று தட்டுத் தடுமாறி மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

"நீ..." என்றார். "டேய், நீ..."

இன்னும் ஒரு வார்த்தைதான். 'அப்பா, நான்தாம்பா' என்று சொல்லிவிட்டால் போதும், வந்துவிடுவார். அவன் வேண்டிக் கிடந்த நிமிஷம் இதுதான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் இப்போது அவர் மகனைக் கண்டுகொண்டால், யாரிடம் சொல்லக் கூடாதென்று கெஞ்சினாரோ அவனிடமே சொல்லிவிட்டோம் என்பதையும் கண்டுகொள்வார். இவ்வளவு காலம் ஒரு மனுஷன் பல்லைக் கடித்துக் காப்பாற்றியது, போகிற நேரத்தில் அவர் கண்முன்னாலேயே உடையும்.

"நீ பத்துதானே?" என்றார் மாஸ்டர். குரலில் பயம் இருந்தது.

"பத்துதான் மாஸ்டர்" என்றான் பெஞ்சு. "அவன்கிட்ட சொல்லமாட்டேன்."

மாஸ்டரின் நெற்றிச் சுருக்கம் மெல்ல விலகியது. ஏறி வந்தது திரும்ப இறங்கிவிட்டது. தாடையிலிருந்த கையை எடுத்து அவன் நெஞ்சில் ஒரு தட்டுத் தட்டினார்.

"விசில் அடிக்கப் போறாங்க" என்றார். "போ. போய் ஆடு."